தப்பறைக்காரனா, புனிதரா? மத்திய கால கிறிஸ்தவம் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த ஹெரெசி, இன்க்விசிஷன் (ஹெரெசியை தேடி விசாரிச்ச திருச்சபை நீதிமன்றம்) விஷயத்தை எங்க பேச ஆரம்பிச்சாலும் அதே பத்து பதினஞ்சு கேள்விதான் திரும்பத் திரும்ப வருது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல கொட்டி வச்சிட்டேன். 1000-ல இருந்து 1400 சொச்சம் வரைக்கும், மேற்கு ஐரோப்பா, அதாவது ரோம் போப்பாண்டவர் பேச்சு செல்லுபடியான ஏரியா மட்டும்தான். பைசாந்தியம் (கிழக்கு ரோமப் பேரரசு) பக்கம் நான் போகல, அது தனிக் கடல்.

ஹெரெசின்னா என்ன? கடவுள் இல்லைன்னு சொல்றதா?

இல்லீங்க. கிரேக்கத்துல 'ஹைரெசிஸ்'னா பொறுக்கி எடுக்கறது. திருச்சபை கொடுக்கறதை முழுசா வாங்கிக்காம இது வேணும் அது வேணாம்னு நீயே பார்த்து எடுத்துக்கறது. நம்ம ஊர் கத்தோலிக்கர் வழக்குல இதுக்கு பழைய வார்த்தை 'தப்பறை', அதுல போனவங்க 'பதிதர்'. இப்ப யாரும் பெருசா சொல்றதில்ல, ஆனா வயசானவங்க கிட்ட கேட்டா தெரியும்.

இதுல நிறைய பேர் கோட்டை விடற இடம் ஒண்ணு இருக்கு. தப்பா நம்பினா மட்டும் ஒருத்தர் ஹெரெடிக், அதாவது பதிதர், ஆகிட மாட்டார். தெரியாம தப்பா நம்பினா அது வெறும் பிழை, திருத்திக்கலாம். பிஷப் கூப்பிட்டு "இது தப்பு, விட்டுடு"ன்னு சொன்னப்புறமும் "முடியாது"ன்னு நின்னா அப்பதான் அது ஹெரெசி. அதாவது குற்றம் கருத்துல பாதி, பிடிவாதத்துல பாதி. என்னைக் கேட்டா பிடிவாதத்துலதான் முக்கால்வாசி, ஏன்னு கீழ போகப் போக புரியும்.

அப்ப யூதர், முஸ்லிம் எல்லாம் ஹெரெடிக்கா?

சட்டப்படி இல்ல. ஞானஸ்நானம் வாங்கினவங்க மட்டும்தான் ஹெரெடிக் ஆக முடியும். உள்ள இருக்கறவன் மேலதான் இந்த கேஸ். (யூதர்களை நல்லா வச்சிருந்தாங்கன்னு அர்த்தம் இல்ல, அது வேற கொடுமை.)

கிறிஸ்தவம் வந்ததுல இருந்தே எரிச்சிட்டுதான் இருந்தாங்களா?

இல்ல, இது எனக்கே முதல்ல ஆச்சரியமா இருந்துச்சு. சுமார் 385-ல பிரிசில்லியன்னு ஒரு ஸ்பெயின் பிஷப்பை டிரியர் நகரத்துல ரோமப் பேரரசன் தலையை வெட்டினான், அதுக்கே தூர்ஸ் நகர புனித மார்ட்டின் மாதிரி ஆட்கள் கடுமையா எதிர்ப்பு தெரிவிச்சாங்க. அதுக்கப்புறம் மேற்குல 600 வருஷத்துக்கு மேல ஹெரெசிக்குன்னு யாரையும் எரிச்சதா தெரியல.

திரும்ப ஆரம்பிச்சது 1022, பிரான்ஸ்ல ஓர்லியான்ஸ். மாட்டினவங்க காட்டுவாசி இல்ல, பேராலயத்துல இருந்த படிச்ச குருமாருங்க, ராஜா குடும்பத்துக்கே நெருக்கமானவங்க. கன்னிகை பிள்ளை பெத்தாங்கறதை நாங்க நேர்ல பார்க்கல, அதனால நம்ப முடியாதுன்னாங்க, வேதாகமக் கதையெல்லாம் மனுஷங்க ஆட்டுத்தோல் மாட்டுத்தோல் மேல கிறுக்கினதுன்னாங்க. ஒரு நார்மன் வீரன் சீடன் மாதிரி உள்ள புகுந்து தகவல் எடுத்து காட்டிக் கொடுத்தான். ராணி கான்ஸ்டன்ஸ் கோயில் வாசல்ல கைத்தடியோட நின்னு, தனக்கே முன்னாடி பாவசங்கீர்த்தனம் கேட்ட ஸ்டீஃபன்ங்கற குருவோட கண்ணை குத்தி எடுத்ததா அந்தக் காலத்து பதிவு சொல்லுது. ஒரு டஜனுக்கு மேல எரிச்சாங்க. ஓர்லியான்ஸ் பிஷப் பதவிக்கு ராஜாவோட ஆளுக்கும் எதிர்க்கட்சி பிரபு ஆளுக்கும் அப்ப நடந்துட்டிருந்த குடுமிப்பிடி சண்டையும் இதுக்கு பின்னாடி இருந்துச்சு, அதை மறந்துட்டு வெறும் மதமா மட்டும் படிச்சா பாதிதான் புரியும்.

அதே காலத்துல வேற மாதிரி யோசிச்ச பிஷப்பும் இருந்தாரு. 1040-கள்ல லியேஜ் பிஷப் வாஸோ கிட்ட இந்த மாதிரி ஆட்களை என்ன பண்றதுன்னு யோசனை கேட்டு கடிதம் வந்தப்ப, அவர் கோதுமையும் களையும் உவமையை எடுத்துக் காட்டி, அறுவடை வரை ரெண்டையும் வளர விடுங்கன்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு, நீங்க யாரு பிடுங்கறதுக்குன்னு பதில் எழுதினார். முகம் வெளுத்திருந்தா போதும் அவன் விரதம் இருக்கற ஹெரெடிக்னு கண்டுபிடிச்சு கொன்னுட்டிருந்தாங்களாம் அப்ப! 1051-ல ஜெர்மனியில கோஸ்லார்ங்கற ஊர்ல பேரரசன் முன்னாடி நிறுத்தி, ஒரு கோழியை கொல்லு பார்க்கலாம்னு டெஸ்ட் வச்சாங்க, மாட்டேன்னவங்களை தூக்குல போட்டாங்க. கோழியை அறுக்காததுக்கு தூக்கு.

வால்டோ யாரு? அவர் என்னதான் தப்பு பண்ணாரு?

என் ஃபேவரிட் கேள்வி, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

லியோன் நகரத்துல பெரிய வியாபாரி, வட்டிக்கும் விட்டு நிறைய சம்பாதிச்சவர். சுமார் 1173-ல தெருவுல ஒரு பாணன் புனித அலெக்சியஸ் கதை பாடறதை கேட்டு (பணக்கார வீட்டுப் பையன் எல்லாத்தையும் விட்டுட்டு பிச்சைக்காரனா போற கதை) மனசு திரும்பிடுச்சு. பொண்டாட்டிக்கு நிலம் வீடுன்னு ஒரு பங்கை கொடுத்துட்டு, ரெண்டு பொண்ணுங்களையும் அம்மாவுக்கு தெரியாமலேயே ஃபோந்தெவ்ரோ மடத்துல சேர்த்துட்டு, மிச்ச காசை ஏழைங்களுக்கு வாரி இறைச்சிட்டாரு. அப்புறம் ஒரு நாள் நண்பன் வீட்ல சாப்பாடு கேட்டு வாங்கி சாப்பிட்டாரு, அது பொண்டாட்டி காதுக்கு போய் அந்தம்மா அழுதுட்டே பேராயர் கிட்ட போய் நின்னுட்டாங்க, பேராயர் கூப்பிட்டு இனிமே ஊருக்குள்ள இருக்கறப்ப உன் பொண்டாட்டி கையால மட்டும்தான் சாப்பிடணும்னு ஆர்டர் போட்டாராம்! 800 வருஷத்துக்கு முந்தின ஒரு வரலாற்றுக் குறிப்புல இந்த வீட்டு சண்டை பதிவாகி இருக்கறதை நினைச்சா எனக்கு இன்னும் சிரிப்பா வரும், அந்தம்மா பேர் மட்டும் யாரும் எழுதி வைக்கல.

அவர் பண்ணின இன்னொரு வேலைதான் பெரிசு. ரெண்டு குருமாருக்கு காசு கொடுத்து சுவிசேஷத்தை உள்ளூர் பேச்சு மொழியில எழுத வச்சாரு, அதை மனப்பாடம் பண்ணி தெருவுல நின்னு சொல்ல ஆரம்பிச்சாரு. கூட்டம் சேர்ந்துச்சு, ஆண்கள் பெண்கள் எல்லாரும் பிரசங்கம் பண்ணினாங்க, 'லியோன் ஏழைகள்'னு பேர் வந்துச்சு.

1179-ல ரோம்ல மூணாவது லாத்தரன் சங்கம் (பிஷப்புங்க எல்லாம் கூடற பெரிய மாநாடு) நடக்கறப்ப அங்கேயே போயிட்டாங்க. போப் மூன்றாம் அலெக்சாண்டர் அவரோட ஏழ்மை வார்த்தைப்பாட்டை மெச்சினாரு, ஆனா பிரசங்கம் மட்டும் உள்ளூர் குருமார் கூப்பிட்டாதான் பண்ணணும்னாரு. அங்க இவங்களை இன்டர்வியூ எடுத்தவர்ல ஒருத்தர் வால்டர் மேப்புங்கற இங்கிலீஷ்காரர், படிச்ச திமிரோட எழுதி வச்சிருக்காரு. பிதாவை விசுவாசிக்கிறீங்களா, ஆமா. சுதனை, ஆமா. பரிசுத்த ஆவியை, ஆமா. கிறிஸ்துவோட தாயை, ஆமா. சபையே விழுந்து விழுந்து சிரிச்சுது. ஏன்னா இறையியல் படிச்சவங்களுக்கு 'விசுவாசிக்கிறேன்'ங்கற அந்த வார்த்தை திரித்துவத்துக்கு மட்டும்தான், மரியாளுக்கும் அதையே போட்டா நாலாவது ஆளை சேர்த்த மாதிரி. ராகிங்தான் அது, வேற என்ன.

ஊருக்கு திரும்பி 1180 வாக்குல கத்தோலிக்க விசுவாச அறிக்கையில சரியா கையெழுத்தும் போட்டாரு. அதாவது நம்பிக்கையில ஒரு குறையும் இல்ல. ஆனா பிரசங்கத்தை நிறுத்தலை. புது பேராயர் தடை போட்டப்ப, மனுஷருக்கு கீழ்ப்படியறதை விட தேவனுக்கு கீழ்ப்படியணும்னு அப்போஸ்தலர் நடபடிகள்ல இருந்தே வசனத்தை எடுத்து விட்டாரு. ஊரை விட்டு துரத்தினாங்க. 1184-ல வெரோனாவுல போப் மூன்றாம் லூசியஸ் போட்ட ஆணையில லியோன் ஏழைகள் பேரும் ஹெரெடிக் லிஸ்ட்ல ஏறிடுச்சு. அனுமதி இல்லாம பிரசங்கம் பண்றதே சாபத்துக்கு போதும்னு அந்த ஆணை சொல்லுது. வெளிய தள்ளினப்புறம்தான் அவங்க கொள்கையும் மெல்ல மாறுது, சத்தியம் பண்ண மாட்டோம், உத்தரிப்பு ஸ்தலம் (செத்தவங்க ஆத்துமா சுத்தமாகற இடம்) கிடையாது, ஒழுக்கம் கெட்ட குரு கையால எதுக்கு ஞானஸ்நானம், நற்கருணை மாதிரி சடங்கெல்லாம்னு.

அதே வேலையைத்தானே அசிசி பிரான்சிஸும் பண்ணாரு? அவர் மட்டும் எப்படி புனிதர்?

அதேதான்! வியாபாரி வீட்டுப் பையன், எல்லாத்தையும் துறந்தாரு, தெருவுல பிரசங்கம், பின்னாடி ஒரு சின்ன கும்பல். 1209 இல்ல 1210-ல ரோம் போய் போப் மூன்றாம் இன்னொசென்ட் முன்னாடி நின்னாரு, வாய்மொழியா அனுமதி கிடைச்சுது.

ரெண்டு வித்தியாசம். ஒண்ணு, எதிர்ல உட்கார்ந்திருந்த ஆள். இன்னொசென்ட் ரொம்ப கணக்கு தெரிஞ்ச மனுஷன். வால்டோ விஷயத்துல முந்தின போப்புங்க பண்ணின தப்பை புரிஞ்சுகிட்டவர், 1184 லிஸ்ட்ல இருந்த ஹுமிலியாத்திங்கற இத்தாலி கூட்டத்தை 1201-லயே உள்ள சேர்த்துக்கிட்டாரு, 1208-ல ஒரு வால்டென்சியர் (வால்டோ ஆட்கள்) குழுவையே 'கத்தோலிக்க ஏழைகள்'னு பேர் வச்சு திரும்ப எடுத்துக்கிட்டாரு. இவரே 1199-ல மெட்ஸ் நகர ஆட்கள் பிரெஞ்சுல வேதம் படிக்கறாங்கன்னு புகார் வந்தப்ப, வேதத்தை புரிஞ்சுக்க ஆசைப்படறது தப்பில்ல, ஆனா ரகசியமா கூடறதும் பிரசங்க வேலையை தானே எடுத்துக்கறதும்தான் தப்புன்னு எழுதினாரு.

ரெண்டாவது, பிரான்சிஸ் தானே. சாகறதுக்கு முன்னாடி 1226-ல சொன்ன உயில்ல, எனக்கு சாலமோன் அளவு ஞானம் இருந்தாலும், ஒரு பரம ஏழை குருவோட பங்குல அவர் விருப்பம் இல்லாம பிரசங்கம் பண்ண மாட்டேன்ங்கற அர்த்தத்துல சொல்றாரு. குரு பாவியா இருந்தாலும் மரியாதை கொடுப்பேன்னும் சொல்றாரு. வால்டோவுக்கும் இவருக்கும் நடுவுல உள்ள கோடு அந்த ஒத்தை வரிதான். ஏழ்மை, பைபிள், தெரு எல்லாம் ஒண்ணு, 'பெர்மிஷன் வாங்கினியா'ங்கறது மட்டும் வேற.

பிரான்சிஸ் சீடர்களையே எரிச்சாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். 1318 மே 7, மார்சேய் நகரம், நாலு பிரான்சிஸ்கன் துறவிங்க.

பிரான்சிஸ் செத்தப்புறம் சபை பெரிசாச்சு, மடம் வந்துச்சு, தானியக் கிடங்கு வந்துச்சு, ஒயின் வைக்க நிலவறை வந்துச்சு. பிரான்சிஸ் உயில் யாரையும் கட்டுப்படுத்தாதுன்னு 1230-லயே போப் சொல்லிட்டாரு. இதெல்லாம் ஐயா சொன்ன வழி இல்லைன்னு ஒரு குரூப் கிழிஞ்ச குட்டை அங்கியை போட்டுகிட்டு அடம் பிடிச்சுது, 'ஆவிக்குரியோர்'னு பேர். 1317-ல அவினியோன்ல இருந்த போப் இருபத்திரண்டாம் ஜான், அங்கி எப்படி இருக்கணும், தானியம் சேர்க்கலாமா வேணாமான்னு மேலதிகாரி சொல்றதை கேளுங்கன்னு ஆணை போட்டாரு. அதுல ஒரு வரி வருது: ஏழ்மை பெரிசுதான், நேர்மை அதைவிட பெரிசு, ஆனா கீழ்ப்படிதல்தான் எல்லாத்திலும் பெரிசு. நாலு பேர் கீழ்ப்படியலை, அவங்களை எரிச்சாங்க.

1323-ல அதே போப், கிறிஸ்துவும் சீடர்களும் எதையும் சொந்தமா வச்சிருக்கலைன்னு பிடிவாதமா சொன்னா அது ஹெரெசின்னு அறிவிச்சிட்டாரு. 1279-ல இன்னொரு போப் பிரான்சிஸ்கன் ஏழ்மை கிறிஸ்துவே காட்டின வழின்னு பாராட்டி ஆணை எழுதியிருக்காரு. 44 வருஷத்துல கோடு நகர்ந்துடுச்சு, அந்த பக்கம் நின்னவன் நகராமலேயே வெளிய ஆயிட்டான்.

போப்பே ஹெரெடிக் ஆனா?

அதே இருபத்திரண்டாம் ஜானுக்கே நடந்துச்சு! 1331-ல இருந்து பிரசங்கங்கள்ல, புனிதர்கள் ஆத்துமா கூட கடைசி நியாயத்தீர்ப்பு வரைக்கும் கடவுளை நேருக்கு நேர் பார்க்காதுன்னு சொல்ல ஆரம்பிச்சாரு. பாரிஸ் இறையியல் பேராசிரியர்கள் கொதிச்சாங்க. ஏற்கனவே இவர்கிட்ட இருந்து தப்பிச்சு ஓடின பிரான்சிஸ்கன் தலைவர் மிக்கேலும் தத்துவவாதி ஓக்கம் வில்லியமும் பாருங்க யார் ஹெரெடிக்னு எழுதித் தள்ளினாங்க. 1334-ல சாகப் போற கட்டில்ல அதை வாபஸ் வாங்கினாரு. பிடிவாதம் இல்ல, அதனால ஹெரெசியும் இல்ல, முதல் கேள்விக்கு நான் சொன்ன பதிலை திரும்ப ஒரு தடவை பார்த்துக்குங்க. அடுத்து வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336-ல நேர்மாறா தீர்ப்பு சொல்லி முடிச்சாரு. இந்த பெனடிக்ட் யாருன்னு கீழ வருது, ஞாபகம் வச்சுக்குங்க.

காதார்னா யாரு?

(அரபு நாடு கத்தார் இல்ல, தேடும்போது அதுதான் வரும், எனக்கும் வந்துச்சு.) தெற்கு பிரான்ஸ்ல துலூஸ், அல்பி, கார்க்கசோன் பக்கம் 1100-களின் கடைசியில இருந்து இருந்தவங்க. அவங்க தங்களை காதார்னு சொல்லிக்கல, 'நல்ல மனுஷங்க', 'நல்ல கிறிஸ்தவங்க'ன்னுதான் சொல்லிக்கிட்டாங்க. இந்த உலகம், உடம்பு எல்லாம் தீய சக்தி படைச்சது, ஆத்துமா மட்டும்தான் நல்ல கடவுளோடது, அது உடம்புங்கற ஜெயில்ல மாட்டியிருக்கு. அதனால இறைச்சி, முட்டை, பால், பாலாடைக்கட்டி கிடையாது, மீன் மட்டும் ஓகே. கல்யாணம் கிடையாது, பொய், சத்தியம், கொலை எதுவும் கிடையாது. கை வச்சு ஜெபிக்கிற 'கொன்சொலாமென்தும்'னு ஒரே சடங்கு. இதையெல்லாம் கடைபிடிச்சவங்க கொஞ்சம் பேர்தான், மத்தவங்க சாதாரணமா குடும்பம் நடத்திட்டு, நல்ல மனுஷரை பார்த்தா கும்பிட்டுட்டு, சாகற நேரத்துல அந்த சடங்கை வாங்கிக்கிட்டாங்க.

இதுக்கு ஒரு நிஜமான காதார் 'சபை' இருந்துச்சா, இல்ல விசாரிச்சவங்க தங்க புத்தகத்துல படிச்ச பழைய மனிக்கேய (நல்ல சக்தி, தீய சக்தின்னு ரெண்டு மோதுதுங்கற பழைய மதம்) வாய்ப்பாட்டை உள்ளூர் பக்தி மேல ஒட்ட வச்சாங்களான்னு வரலாற்று ஆசிரியர்களுக்குள்ள இன்னும் பெரிய சண்டை. என் கட்சி நடுவுல, 1200-க்கு முன்னாடி ரொம்ப கலங்கலா இருக்கு, 1240-க்கு அப்புறம் ஏதோ ஒரு அமைப்பு இருந்தது தெளிவா தெரியுது, ஆனா துரத்தினதே அவங்களை அமைப்பா ஆக்கியிருக்கலாம்.

துலூஸ் பிஷப் ஒரு வீரன் கிட்ட, இவங்களை ஏன் உங்க நிலத்துல இருந்து விரட்டலைன்னு கேட்டப்ப அவன் சொன்ன பதில்: முடியாதுங்க, அவங்களோட சேர்ந்துதான் வளர்ந்தோம், எங்க சொந்தக்காரங்களே அதுல இருக்காங்க, அவங்க எவ்வளவு நல்லா வாழறாங்கன்னு கண்ணால பார்க்கறோம். அதுக்கு மேல அந்த ஊரைப் பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல.

"எல்லாரையும் கொல்லு, தன் ஆள் யாருன்னு கடவுளுக்கு தெரியும்", இதை நிஜமா சொன்னாங்களா?

1208 ஜனவரியில போப்போட தூதர் ஒருத்தர் கொலையானாரு, அதை சாக்கா வச்சு இன்னொசென்ட் காதார்களுக்கு எதிரா சிலுவைப் போர் அறிவிச்சாரு (ஆமா, பிரான்சிஸை கட்டிப்பிடிச்ச அதே இன்னொசென்ட்). 1209 ஜூலை 22, மகதலா மரியாள் திருநாள், பெசியே நகரம். ஊர் பிஷப் 200 சொச்சம் பேர் லிஸ்ட் கொடுத்து இவங்களை ஒப்படைச்சிடுங்க, இல்லைன்னா நீங்களாவது வெளிய வந்துடுங்கன்னு கேட்டாரு, ஊர் முடியாதுன்னுடுச்சு. அந்த ஊர்ல முக்கால்வாசிக்கு மேல சாதாரண கத்தோலிக்கர்தான்.

படையோட போன போப் தூதர் ஆர்னோ அமால்ரிக் சொன்னதா அந்த டயலாக்கை பதிவு பண்ணது ஜெர்மனியில ஹைஸ்டர்பாக் மடத்துல இருந்த சீசாரியஸ், பத்து வருஷத்துக்கு மேல கழிச்சு, அவரே 'சொன்னாராம்'னுதான் எழுதறாரு. அதனால வார்த்தைக்கு கியாரண்டி இல்ல. ஆனா காரியத்துக்கு கியாரண்டி இருக்கு, அதே ஆர்னோ போப்புக்கு எழுதின கடிதத்துல, வயசு பால் எதுவும் பார்க்காம கிட்டத்தட்ட 20,000 பேரை வெட்டினோம்னு பெருமையா எழுதியிருக்காரு. எண்ணிக்கை ஊதினதுன்னு பலர் நினைக்கறாங்க. ஊதணும்னு தோணிச்சே, அதுதான் எனக்கு பயமா இருக்கு.

அப்புறம் 1210-ல மினெர்வ்ல 140 பேரை எரிச்சாங்க, 1218-ல படைத்தலைவன் சைமன் துலூஸ் முற்றுகையில கல்லடி பட்டு செத்தான், 1229-ல பாரிஸ் உடன்படிக்கை, தெற்கு முழுக்க கடைசியில பிரெஞ்சு ராஜா கைக்கு போச்சு. 1244 மார்ச் 16, மோசெகூர் கோட்டை அடிவாரத்துல 200-க்கு மேல எரிச்சாங்க.

மோசெகூர்ல இருந்து புதையலை, ஹோலி கிரெயிலை (இயேசு கடைசி விருந்துல பயன்படுத்தினதா சொல்ற கிண்ணம்) எடுத்துட்டு போனாங்களாமே?

கொஞ்சம் காசு பணம் கடத்தினது விசாரணை பதிவுல இருக்கு. கிரெயில் எல்லாம் ரொம்ப பின்னாடி வந்த டூரிஸ்ட் கதை. அடுத்த கேள்வி.

இன்க்விசிஷன் லட்சக்கணக்குல எரிச்சுதா?

இல்ல, ஆனா "அப்ப பரவாயில்ல"ன்னும் சொல்ல முடியாது. 1231 வாக்குல போப் ஒன்பதாம் கிரகோரி ஆரம்பிச்சு வச்சாரு, 1233-ல இருந்து பெரும்பாலும் தொமினிக்கன் (தொமினிக் ஆரம்பிச்ச சபை) துறவிங்க கையில. பெரிய ஆபீஸ் எல்லாம் கிடையாது, ரெண்டு துறவி, ஒரு நோட்டரி, நிறைய பேப்பர், அதாவது தோல். ஊருக்கு வந்து பிரசங்கம் பண்ணுவாங்க, சில வாரம் டைம் கொடுப்பாங்க, அதுக்குள்ள தானா வந்து தன் தப்பையும் அடுத்தவன் தப்பையும் சொன்னா லேசான தண்டனை. சாட்சி யாருன்னு குற்றம் சாட்டப்பட்டவனுக்கு சொல்ல மாட்டாங்க. எனக்கு இவன் இவன் விரோதின்னு நீயே லிஸ்ட் கொடுக்கலாம், அதுல சாட்சி பேர் இருந்தா அதிர்ஷ்டம். 1245, 46-ல துலூஸ்ல 5,000-க்கு மேல ஆட்களை கூப்பிட்டு கேட்டிருக்காங்க. அதுதான் அவங்க நிஜமான ஆயுதம், நெருப்பு இல்ல, ரிஜிஸ்டர். பத்து வருஷம் முன்னாடி நீ சொன்னதை எடுத்து வாசிச்சு காட்டுவாங்க. 1252-ல போப் நான்காம் இன்னொசென்ட் சித்திரவதைக்கும் அனுமதி கொடுத்தாரு, கை கால் போகக் கூடாது, உயிர் போகக் கூடாதுன்னு கண்டிஷனோட.

பெர்னார் கீங்கற பிரபல விசாரணைக்காரர் துலூஸ்ல 600-க்கு மேல ஆட்களை தண்டிச்சிருக்காரு, அதுல உயிரோட எரிக்க அனுப்பினது 40 பேர் சொச்சம். மத்தவங்களுக்கு ஜெயில், யாத்திரை, டிரெஸ்ல மஞ்சத் துணி சிலுவை. மஞ்சச் சிலுவை லேசான தண்டனை மாதிரி தோணும், ஆனா அதை போட்டுகிட்டு யார் உனக்கு வேலை கொடுப்பா, உன் பொண்ணை யார் கட்டுவா? செத்தவங்களையும் விடல, எலும்பை தோண்டி எரிச்சு வாரிசு கிட்ட இருந்து சொத்தை பிடுங்கினாங்க.

நம்பர் வச்சு ஆறுதல் தேடறவங்களுக்கு ஒரு சம்பவம். 1234, துலூஸ், தொமினிக் புனிதர் ஆன வருஷம், அவரோட திருநாள். ஒரு கிழவி ஜுரத்துல சாகக் கிடக்கறா, காதார் சடங்கு வாங்கியிருக்கான்னு தகவல். தொமினிக்கன் பிஷப் நேரா போய் கட்டில் பக்கத்துல உட்கார்ந்தாரு, வந்திருக்கறது தங்களோட காதார் பிஷப்புன்னு நினைச்சு அவ மனசு விட்டு எல்லாத்தையும் சொன்னா. கட்டிலோடவே தூக்கிட்டு போய் எரிச்சாங்க. அப்புறம் திரும்பி வந்து கடவுளுக்கு நன்றி சொல்லி சந்தோஷமா திருநாள் சாப்பாடு சாப்பிட்டாங்கன்னு எழுதினது எதிரி இல்ல, அவங்க ஆளே, ஒரு தொமினிக்கன். அடுத்த வருஷம் துலூஸ் நகர சபை இந்த துறவிங்களை ஊரை விட்டே துரத்துச்சு, கொஞ்ச நாள்தான்.

சாதாரண ஜனங்க என்னதான் நம்பினாங்க?

இதுக்கு நமக்கு கிடைச்ச பொக்கிஷம் பாமியே பிஷப் ஜாக் ஃபுர்னியேவோட ரிஜிஸ்டர், 1318-ல இருந்து 1325 வரைக்கும், 98 கேஸ், 578 விசாரணை. மனுஷன் விடாம கேட்பாரு, அதனால மோந்தையுங்கற சுமார் 250 பேர் இருந்த மலைக் கிராமம் முழுக்க நம்ம பக்கத்து தெரு மாதிரி தெரியுது. (இவர்தான் பின்னாடி அந்த பன்னிரண்டாம் பெனடிக்ட்.) அந்த ஊர் குரு பியேர் கிளெர்க் ஒரே நேரத்துல கத்தோலிக்க பூசையும் வச்சான், காதாருக்கும் உதவினான், பாதி ஊர் பொம்பளைங்களோட தொடுப்பும் வச்சிருந்தான், பிடிக்காதவனை இன்க்விசிஷனுக்கு காட்டியும் கொடுத்தான். கடைசியில ஜெயில்ல செத்தான்.

ஓர்னோலாக் கிராமத்து கியமெத் பெனேன்னு ஒரு அம்மா, ஆத்துமான்னா ரத்தம்தான்னு சொன்னாங்க. ஏன்னு கேட்டதுக்கு, வாத்து கழுத்தை அறுத்தா ரத்தம் வடியற வரைக்கும்தான் உயிர் இருக்கு, பார்த்திருக்கேன்னாங்க. யாரும் சொல்லிக் கொடுக்கல, காதாரும் இல்ல வால்டோவும் இல்ல, அடுப்பங்கரையில தானா யோசிச்சது. இந்த மாதிரி எத்தனை பேர் எழுதப்படாம போயிருப்பாங்க!

எல்லாம் சொத்துக்காகத்தானே?

கொஞ்சம். 1199-ல இருந்தே ஹெரெசின்னா ராஜதுரோகம் மாதிரி, சொத்து பறிமுதல். ஆர்னோ சிக்ருன்னு ஒருத்தன், அம்மா காதாரா எரிக்கப்பட்டதுல போன வீட்டை திரும்ப வாங்க, ஃபுர்னியேவுக்கு ஒற்றனா ஸ்பெயின் பக்கம் போய் கடைசி காதார் 'நல்ல மனுஷன்' பெலிபாஸ்தோட நம்பிக்கையை சம்பாதிச்சு, எல்லை பக்கம் இழுத்துட்டு வந்து மாட்டி விட்டான். 1321-ல எரிச்சாங்க. பெலிபாஸ்த்தும் பெரிய உத்தமன் இல்ல, முன்னாடி ஒரு கொலை, கூட ஒரு பொம்பளை, அவ கர்ப்பமானதும் அப்பாவி ஆட்டுக்காரன் பியேர் மோரிக்கு கட்டி வச்சு சில நாள்லயே அந்த கல்யாணத்தை ரத்தும் பண்ணினவன். ஆனா பிடிபட்டப்புறம் பின்வாங்கலை. சொத்து ஆசை சிக்ருவை விளக்கும், இவனை விளக்காது.

பெண்கள்?

மார்கரெட் பொரேத். கடவுள் அன்புல ஆத்துமா கரைஞ்சு போறதைப் பத்தி பிரெஞ்சுல ஒரு புத்தகம் எழுதினாங்க, ஒரு பிஷப் அதை எரிச்சாரு, மூணு படிச்ச குருமார் நல்லாத்தான் இருக்குன்னாங்க, அந்தம்மா திரும்ப பரப்பினாங்க. பாரிஸ்ல பிடிச்சு ஒன்றரை வருஷம் வச்சிருந்தாங்க, சத்தியம் பண்ணவே இல்ல, பதிலும் சொல்லல. 21 இறையியல் அறிஞர்கள் புத்தகத்துல இருந்து உருவின வரிகளை வச்சு தப்புன்னு தீர்ப்பு. 1310 ஜூன் 1 எரிச்சாங்க. ஆனா புத்தகம் பேர் இல்லாம லத்தீன், இத்தாலியன், இங்கிலீஷ்னு மடம் மடமா சுத்துச்சு, துறவிங்க பக்தியா படிச்சாங்க, எழுதினது அந்தம்மாதான்னு 1946-லதான் கண்டுபிடிச்சாங்க. பேரை எடுத்துட்டா அதே வரி பக்தி நூல்!

ஹுஸ், விக்ளிஃப் இதுல சேருவாங்களா?

சேருவாங்க, ஆனா அது பல்கலைக்கழகத்துல பிறந்த தகராறு, தனியா எழுதணும். சுருக்கமா, இங்கிலாந்து பேராசிரியர் விக்ளிஃப் 1384-ல படுக்கையில நிம்மதியா செத்தாரு, 1428-ல எலும்பை தோண்டி எரிச்சு ஆத்துல விட்டாங்க. பிராகாவோட ஜான் ஹுஸ் ராஜா சிகிஸ்மண்ட் கொடுத்த பாதுகாப்பு கடிதத்தை நம்பி கான்ஸ்டன்ஸ்ங்கற ஊர்ல நடந்த திருச்சபை சங்கத்துக்கு போனாரு, 1415 ஜூலை 6 எரிச்சாங்க. நான் சொல்லாததை சொன்னேன்னு எப்படி மறுதலிக்கறதுன்னு கடைசி வரைக்கும் கேட்டாரு. அவரோட ஆட்கள் மட்டும் பதிலுக்கு படையே திரட்டி ஜெயிச்சு, 1436-ல பூசையில சாதாரண ஜனங்களும் பாத்திரத்துல இருந்து திராட்சை ரசம் குடிக்கற உரிமையை எழுதி வாங்கினாங்க.

இன்னைக்கு இவங்க யாராவது மிச்சம் இருக்காங்களா?

காதார் யாரும் இல்ல. வால்டோ ஆட்கள் இருக்காங்க! ஆல்ப்ஸ் மலை பள்ளத்தாக்குல ஒளிஞ்சு பிழைச்சு, 1532-ல சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையோட சேர்ந்து, 1655-ல ஒரு பெரிய படுகொலையை தாண்டி, 1848 பிப்ரவரி 17-ல சார்தீனிய ராஜா குடியுரிமை கொடுத்தாரு, இன்னும் வருஷா வருஷம் அதுக்கு முந்தின ராத்திரி மலையில சொக்கப்பனை மாதிரி நெருப்பு வளர்த்து கொண்டாடறாங்க.

2015 ஜூன் 22, தூரின் நகரத்துல அவங்க ஆலயத்துக்கு ஒரு போப் முதல் தடவையா உள்ள போனாரு, நாங்க உங்களுக்கு பண்ணின கிறிஸ்தவத்தன்மை இல்லாத, மனிதத்தன்மை கூட இல்லாத காரியங்களுக்கு மன்னிப்பு கேக்கறேன்னாரு. அந்த போப் தனக்கு வச்சுகிட்ட பேர் பிரான்சிஸ், அசிசி பிரான்சிஸ் பேர். ரெண்டு மாசம் கழிச்சு வால்டென்சியர் சங்கம் கூடி பதில் எழுதினாங்க: உங்க வார்த்தையை மரியாதையோட ஏத்துக்கறோம், ஆனா ரத்தம் சிந்தினவங்க இடத்துல நின்னு அவங்களுக்காக நாங்க மன்னிக்க முடியாது.